கட்டிலுக்கடியில் மேனேஜர்

எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பேர். நான், என் மனைவி, மேனேஜர்.

மேனேஜர் ஒரு சின்சில்லா. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அணிலாகப் பிறப்பதா முயலாகப் பிறப்பதா என்று யோசித்துக்கொண்டே நடுவில் நின்றுபோன மாதிரி ஒரு பிராணி. வட்டக் காது, சாம்பல் நிறம், தொட்டோமா இல்லையா என்று விரலுக்கே சந்தேகம் வருகிற ரோமம். மகள் ஆசைப்பட்டு வாங்கியது. படிக்க வெளியூர் கிளம்பும்போது, "அப்பா, இவனைப் பாத்துக்கோ" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பகல் முழுக்கத் தூக்கம். மற்றவர்கள் கொட்டாவி விடும் நேரத்தில் எழுந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பது. எங்கள் கம்பெனி மேனேஜரும் அச்சு அசல் இதேதான். பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒட்டிய பிறகு 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் என் மனைவி யாருக்காவது 'அவர்' போடுகிறாள் என்றால் அது மேனேஜருக்குத்தான். என்னைச் சொல்வது 'இந்த மனுஷன்'.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் நான் ஏறி இறங்காத மாடி கிடையாது. ஆனால் வாழ்க்கையில் முன்னேற்றம் எப்படி என்று கேட்டால், கீழ்த்தளம்தான். சொந்தத்தில் ஒரு பைசா உயரமும் இல்லாமல் ஊரையே மேலே தூக்கிவிடுகிற பிழைப்பு.

லிஃப்ட் வேலை ஜோடி வேலை. ஒருவர் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் இருப்பார். இன்னொருவர் லிஃப்ட் போய்வரும் கிணற்றின் அடியில், குழிக்குள் இறங்குவார். என் ஜோடிக்கு மொட்டைமாடி என்று பெயர். எப்போதும் மேலேயே இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவன் தொப்பியைக் கழற்றினால் பார்க்கலாம். அவன் என்னைக் குழி என்று கூப்பிடுவான். அவன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் எழுதிக் கொடுத்தான், படுபாவி.

குழிக்குள் இறங்கும் முன் நான் அண்ணாந்து கத்துவேன்: "எடுத்தாச்சா?"

அவன் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டிவிட்டு மேலிருந்து கத்துவான்: "எடுத்தாச்சு! சாவி என் பையில!"

அதன் பிறகுதான் இறங்குவேன். தலைக்கு மேலே ஓர் இரும்பு அறை தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் என் தலைக்கும் நடுவில் இருப்பது அந்த வாக்கியம் மட்டும்தான். விதிப்படி அவன் பூட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டும் தொங்க வேண்டும். என் சாவி என்னிடம் இருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் ரசீது கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அதை எப்போதோ விட்டுவிட்டோம்.

சரி, மேனேஜருக்கு வருகிறேன். மகள் விட்டுப்போன கூண்டு கிளிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரியது. சின்ன பிராணிக்குச் சின்ன கூண்டு, நியாயம்தானே என்று இருந்தோம். கொஞ்ச நாளில் அவர் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தார். பிறகு இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அந்த மூலையிலிருந்து இந்த மூலை என்று நடந்தார். பிறகு தன் விலாப்பக்க ரோமத்தைத் தானே கடித்துத் துப்பினார். அவ்வளவு பட்டு மாதிரி இருந்த உடம்பில், பழைய சோபா கிழிந்த மாதிரி ஒரு திட்டு.

டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார். "நோய் ஒண்ணும் இல்லை. இடம் பத்தலை. இது மலையில பாறைக்குப் பாறை தாவுற ஜாதி. அடைச்சு வெச்சா கடிக்க வேற ஒண்ணும் இல்லாம தன்னையே கடிக்கும். நல்ல உயரமா ஒரு கூண்டு வைங்க."

"உயரம்தானே? உயரம் என் தொழில் டாக்டர்" என்றேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். நானும் மொட்டைமாடியும் சேர்ந்து ஒரு கூண்டு செய்தோம். ஒடுக்கமாக, கூரை வரை உயரமாக. அடியில் ஒரு தளம், உச்சியில் ஒரு தளம். நடுவில் ஒன்றும் இல்லை. மேலே போய்வர, கப்பியும் எதிர் எடையும் வைத்து ஒரு குட்டிப் பலகை. ஆமாம், லிஃப்ட். சின்சில்லாவுக்கு லிஃப்ட். மேனேஜர் வந்து பலகையை முகர்ந்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

கூண்டின் படத்தைப் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. "இவர் என்ன ஆபீசுக்கா போறார்? உச்சியிலேர்ந்து விழுந்தா கால் ஒடிஞ்சிடும். நடுவுல தட்டு தட்டா வைங்க, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி. மேல போய்ச் சேர்றது முக்கியமில்லைங்க. தாவுறதுதான் முக்கியம்."

லிஃப்டுக்குள் குதிப்பவர்களைத் திட்டியே காலத்தை ஓட்டியவனுக்கு இது பெரிய பாடம்தான். ஒரு பழைய துணி பீரோவைப் பிடித்தோம். கதவுக்குப் பதில் கம்பி வலை. உள்ளே பூச்சு பூசாத மரத்தட்டுகள், படிக்கட்டு மாதிரி மாறி மாறி. தட்டுகளை அறுத்தது முழுக்க மொட்டைமாடி. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றையும் தன் தலையில் உரசிப் பார்த்தான். "கீறல் விழலை. பாஸ்" என்பான். அதைவிடக் கண்டிப்பான தரச் சோதனையை நான் கண்டதில்லை.

அன்று சாயங்காலம் மேனேஜரை உள்ளே விட்டோம். முதல் தட்டை முகர்ந்தார். அடுத்த நொடி ஆளைக் காணோம். ரப்பர் பந்தைச் சுவரில் அடித்த மாதிரி, தட்டு, சுவர், தட்டு, உச்சி, மறுபடி தட்டு. நாங்கள் இரண்டு தடிமாடுகளும் கைதட்டினோம். மொட்டைமாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மரத்தூள்டா" என்றான். சில வாரங்களில் விலாவில் ரோமம் திரும்ப வளர்ந்தது.

அப்போதுதான் மாமனார் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். நானும் மனைவியும் கிளம்ப வேண்டும். எப்போது திரும்புவோம் என்று தெரியாது. மேனேஜருக்கு வெக்கை ஆகாது. ஏசி இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஏசி உள்ள வீடு, மேனேஜரைத் தெரிந்த ஆள், இரண்டும் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

"கொண்டா, நான் பாத்துக்குறேன்" என்றான் மொட்டைமாடி. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

பீரோவைக் கழற்றி, கம்பெனி வேனில் ஏற்றி, அவன் வீட்டு ஏசி ரூமில் திரும்ப மாட்டினோம். மேனேஜரை டாக்டரிடம் கொண்டுபோகிற கைப்பெட்டியில் கொண்டுவந்தேன். செருப்புப் பெட்டிக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான் அது.

போன இடத்துக்குத் தினமும் படம் வந்தது. கூண்டு, மேல்தட்டில் மேனேஜர், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு மொட்டைமாடி. ஒரு நாள் நீலச் சட்டை, ஒரு நாள் கட்டம் போட்டது, ஒரு நாள் பூப்போட்டது. "இந்த ஆள்கிட்ட இத்தனை சட்டையா!" என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து மனைவி சிரித்தாள். மாமனார்கூடச் சிரித்து, இடுப்பு வலித்து, என்னைத் திட்டினார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. நாங்கள் கிளம்பும் முன்பே நடுத்தட்டின் விளிம்பை மேனேஜர் கடிக்க ஆரம்பித்திருந்தார். அது அவர் வழக்கம், பல்லுக்கும் நல்லது. ஆனால் எல்லாப் படத்திலும் அந்தக் கடித்த இடம் அதே அளவு. வளரவே இல்லை.

போன் செய்து கேட்டேன். "தாவுறாரா?"

"தாவுறான் தாவுறான். குரங்கு மாதிரி."

"மரத்தைக் கடிக்கிற மாதிரி தெரியலையே?"

"டேய் குழி, அங்க மாமனார் எலும்பைப் பாருடா, இங்க மரத்தைப் பாக்காத. எடுத்தாச்சு, சாவி என் பையில. போதுமா?"

போதும். அந்த வாக்கியத்துக்கு அப்புறம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. போனை வைத்துவிட்டு மாமனார் எலும்பைப் பார்த்தேன்.

மாமனார் நடக்க ஆரம்பித்ததும், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே திரும்பினோம். பஸ் நிலையத்திலிருந்து மூட்டை முடிச்சோடு நேரே அவன் வீடு. அவன் இல்லை. அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே, வாங்கண்ணி! மாமா எப்படி இருக்காரு? எலியைப் பாக்க வந்தீங்களா? இருங்க, ரூமைப் பெருக்கிட்டு இருந்தேன். கட்டிலுக்குக் கீழ இருக்கு பாருங்க."

ஏசி ரூமில் பீரோ இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு குழந்தைத் தொட்டில் இருந்தது. குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில், சூட்கேஸ்களுக்கு நடுவில், அந்தக் கைப்பெட்டி. உள்ளே மேனேஜர், சுவரைப் பார்த்தபடி. திரும்பினால் பெட்டி முடிந்துவிடும். அதனால் திரும்புவதையே விட்டிருந்தார். பெட்டி முழுக்க ரோமம். அவர் உடம்பில் பாதி ரோமம்தான் பாக்கி.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரிய கூண்டு?" என்றேன்.

"பால்கனியிலண்ணே. அவர் உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் மாத்துனேன்னாரே?"

பால்கனிக்குப் போனேன். மேல்தட்டில் குழந்தையின் துண்டுகள் காய்ந்தன. நடுத்தட்டில் பூந்தொட்டி. கீழ்த்தட்டில் யாருடையதோ ஷூ. நல்ல வேலைப்பாடு, இத்தனை பாரத்துக்கும் ஒரு தட்டுகூட வளையவில்லை.

அப்போது மொட்டைமாடி காய்கறிப் பையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"டேய்... நாளைக்குத்தானே வரேன்னே?"

எப்படி இருக்க, மாமா எப்படி இருக்கார், ஒன்றும் கிடையாது.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றேன்.

"மாப்பிள்ளை வந்ததுலேர்ந்துடா. பொண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையோட வந்துட்டாங்க. ஏசி ரூம் ஒண்ணுதான். உன் ஆளு பொழுது சாஞ்சா டொம்மு டொம்முனு தாவுறான். மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படித் தூங்குவாங்க? பொண்ணைக் குடுத்த இடம்டா, நான் என்ன பண்றது?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணா நீ மாமனாரைப் போட்டுட்டு ஓடி வந்திருப்ப. உனக்காகத்தான்டா சொல்லலை." பையைக் கீழே வைத்தான். "அதோட, சின்னதுல போட்டதும் சத்தமே இல்லை. அவ்வளவு சமத்து. நல்லாத்தான் இருக்கான்னு நெனைச்சேன்."

நாங்கள் பார்க்கிற தொழிலில் சத்தம் இல்லை என்றால் நல்லது என்று நினைக்கலாமா? பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பொத்தானை அழுத்துவார்கள். பிறகு கதவைத் தட்டுவார்கள். பிறகு கத்துவார்கள், எங்கள் இரண்டு பேர் பரம்பரையையும் விசாரிப்பார்கள். அதுவரை நாங்கள் நிதானமாக வேலை செய்வோம். சத்தம் நின்றால்தான் மொட்டைமாடி பதறுவான். "குழி, பேச்சு வரலைடா, சீக்கிரம்டா" என்று மேலிருந்து அலறுவான். அதே ஆள்தான் இவன்.

"மாப்பிள்ளை எப்ப வந்தாரு?"

அவன் வாயைத் திறக்கும் முன் அவன் மனைவி சமையலறையிலிருந்து பதில் சொல்லிவிட்டாள். "நீங்க விட்டுட்டுப் போன மறுநாள் விடியக்காலையிலயே வந்துட்டாங்கண்ணே."

எனக்குக் கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். நீலச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட சட்டை. எல்லாப் படமும் நாங்கள் மேனேஜரை விட்டுவிட்டு வந்த அந்த ஒரே சாயங்காலம் எடுத்தது. நான் தெருமுனை திரும்பியதும் தன் துணி அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு சட்டையாக மாட்டி, கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறான். அப்படியானால் மாப்பிள்ளை வருவது முன்னமே தெரியும். "கொண்டா, நான் பாத்துக்குறேன்" என்று சொன்னபோதே தெரியும். தவித்துப்போய், வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னால் அது மனுஷத்தனம். நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். இவன் பொய்யைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கி வைத்துத் தினமும் ஒன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"பூப்போட்ட சட்டை உனக்கு நல்லாவே இல்லை" என்றேன்.

சண்டைக்கென்று எத்தனையோ வார்த்தை இருக்கும்போது எனக்கு வந்தது இதுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேனேஜரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேறு ஆளை வைத்துப் பீரோவையும் கொண்டுவந்து, கழுவி, மாட்டினேன். உள்ளே விட்டேன். அவர் அடித்தளத்தின் ஒரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்தக் கைப்பெட்டி எவ்வளவோ அவ்வளவு இடம்தான் எடுத்துக்கொண்டார். மீதி இடம் அவருக்குச் சம்பந்தமில்லாத வேறு யார் வீடோ போல இருந்தது. நான் கையை நீட்டினேன். முன்பெல்லாம் ஏறி வந்து என் மோதிரத்தைக் கடித்துப் பார்ப்பார். இப்போது மூலைக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டார். அந்தப் பெட்டிக்குள் வைத்து அவரை அங்கே தூக்கிக்கொண்டு போனது என் கைதான். மாப்பிள்ளை, மொட்டைமாடி எல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

மகளிடம் போனில், "இருக்காரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. நான் கீழே, அவன் மேலே. இருவரும் வேனில் ஒன்றாகத்தான் வந்தோம். வானிலையைப் பற்றிப் பேசினோம். வானிலை இவ்வளவு வளமான விஷயம் என்று எனக்குத் தெரியாது.

"எடுத்தாச்சா?" என்று கத்தினேன்.

"எடுத்தாச்சு! சாவி என் பையில!"

குழியின் ஏணியில் ஒரு காலை வைத்தேன். இன்னொரு கால் வரவில்லை. காரணம் சொல்லாமலே நின்றுவிட்டது. அதோடு கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தேன். பிறகு மேலே ஏறி, படிக்கட்டு வழியாக ஒவ்வொரு மாடியாக நடந்தேன். லிஃப்டை நிறுத்தியாகிவிட்டதே, வேறு வழி? வழியில் ஒரு குமாஸ்தா அம்மா, "லிஃப்ட்காரங்களே நடந்து போறாங்கன்னா நாங்க எங்க போறது?" என்றார். சிரித்தேன். மூச்சு வாங்கியதால் அது இருமலாக வந்தது.

மெஷின் ரூம் கதவைத் தள்ளினேன். மொட்டைமாடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சுவிட்ச் இறங்கியிருந்தது. பூட்டு தொங்கியது. நான் எதற்கு வந்தேன் என்று அவனுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"இதுல போய்ப் பொய் சொல்லுவேனாடா? அது எலி விஷயம்டா. இது உன் உயிர்."

"வாக்கியம் ஒண்ணுதானே மொட்டை. நீ எந்தச் சமயத்துல எதுக்குச் சொல்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி மாட்டிக்கொண்டான். நான் என் கருவிப் பையின் அடியிலிருந்து என் பூட்டைத் தேடி எடுத்தேன். துரு ஏறியிருந்தது. எண்ணெய் விட்டு, அவன் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அவன் அறை வாங்கின மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரும்பக் கீழே இறங்கும்போது எனக்குத் தெம்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ செத்த வீட்டிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

மேனேஜர் மூலையை விட்டு நகரவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"இப்ப இந்தப் பெரிய இடமே அதுக்குப் பயமா இருக்கு போல. மேல் பக்கத்தைப் பலகை வெச்சு அடைச்சிடுங்க. ஒளிஞ்சுக்க ஒரு சின்ன மரவீடு வைங்க. பழகப் பழகப் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அவசரப்படுத்தாதீங்க."

இத்தனை பாடுபட்டுப் பெரிதாக்கின கூண்டை நானே என் கையால் சின்னதாக்க வேண்டும். பலகைக்கு அளவு எடுத்தேன். என் மனைவி அதை யாரிடம் சொன்னாளோ, ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடி ஒரு பலகையோடு வாசலில் நின்றான். அளவாக அறுத்து, விளிம்பு தேய்த்தது. தலையில் உரசிப் பார்த்திருப்பான், கேட்கவில்லை.

"நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம். நீ அங்கயே நில்லு."

"என்னங்க இது" என்றாள் மனைவி மெல்ல. பிறகு அவளும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. டீயைக் கொண்டுபோய் வாசலிலேயே கொடுத்தாள்.

பலகையை மாட்டினேன். இப்போது மேனேஜருக்கு ஓர் அடித்தளமும், அதற்கு மேலே தாழ்வாக ஒரே ஒரு தட்டும். நான் தள்ளி உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மரவீட்டிலிருந்து மீசை வந்தது. மூக்கு வந்தது. மேனேஜர் மூலையை விட்டு வெளியே வந்தார். தட்டின் மேல் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைத்தார். மூட்டு வலிக்காரர் பஸ் ஏறுகிற மாதிரி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, உன்னி உன்னி ஏறிவிட்டார். ஏறிய இடத்திலேயே திகைத்து நின்றார்.

வாசலிலிருந்து குரல் வந்தது. "தாவினானா?"

அவன் நின்ற இடத்திலிருந்து கூண்டு தெரியாது. தாவினார் என்று சொல்லியிருந்தால் அவன் இன்று சாப்பிட்டிருப்பான், தூங்கியிருப்பான். எனக்கும் இந்த வாரம் வேனில் வானிலை பேசுகிற வேலை இல்லாமல் போயிருக்கும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லை" என்றேன். "நடந்து ஏறினாரு."

அவன் மீதி டீயைக் குடித்து முடித்தான். டீத் தம்ளரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "சரிடா, நான் கிளம்புறேன்" என்றான். வா என்றோ, இரு என்றோ நான் சொல்லவில்லை. அவன் குனிந்து வாசலில் செருப்பைத் தேடினான். இங்கும் அங்கும் பார்த்தான். அது அவன் காலிலேயே இருந்தது.